மழைக்காலத்தில் பொங்கிய பாட்டிங்: ஐசோசயனேட்டும் ஆல்கஹாலும் சேரும் வினை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு சிறிய பட்டறையின் கதை இது. எல்இடி விளக்குகளின் டிரைவர் பெட்டிகளுக்குள் ரெசின் ஊற்றி நிரப்பிக் கொடுப்பது அவர்கள் தொழில். தொழில்காரர்கள் இதை பாட்டிங் என்பார்கள். உள்ளே இருக்கும் மின்பலகைக்குத் தண்ணீரோ உப்புக் காற்றோ எட்டக் கூடாது. புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை கடலோரமாக மாட்டும் விளக்குகளுக்கு இது ரொம்ப முக்கியம். நிரப்பில் ஒரு குமிழி இருந்தால் அந்த இடத்தில் வெப்பம் வெளியேற வழியில்லை. குமிழிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் ஈரம் உள்ளே வர அதுவே பாதையாகிவிடும்.

அவர்கள் பயன்படுத்துவது பாலியூரித்தேன் ரெசின். ஒரு பக்கம் ஆமணக்கெண்ணெயில் கால்சியம் கார்பனேட் பொடியைக் கலந்த குழம்பு. இன்னொரு பக்கம் பாலிமெரிக் எம்டிஐ என்ற ஐசோசயனேட், பட்டறையில் சொல்வதென்றால் ஹார்ட்னர், பழுப்பு நிறத் திரவம். இரண்டையும் எடை போட்டுக் கலக்கி ஊற்றினால் சில மணி நேரத்தில் இறுகி ரப்பர் போலாகும். கோடை முழுக்கப் பெட்டிகளில் எந்தக் குறையும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இரண்டு விதமான புகார்கள் வந்தன. சில பெட்டிகளில் நிரப்பு பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது, வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் குமிழிகள். வேறு சில பெட்டிகள் மறுநாள் தொட்டாலும் விரலில் ஒட்டின. இரண்டு குறையும் சேர்ந்தே இருந்த பெட்டிகளும் உண்டு.

பட்டறையை நடத்துபவர் என்னிடம் வேதியியல் படித்த பழைய மாணவர். அவர் எடுத்திருந்த முடிவு இதுதான்: "சார், கிளைமேட் குளிர்ந்துடுச்சு, அதான் செட் ஆக மாட்டேங்குது. கேட்டலிஸ்ட் பத்தல." ஃபோம் தொழிலுக்குச் சரக்கு விற்கும் ஒரு கடையிலிருந்து அமீன் வகை வினையூக்கி வாங்கி ஊற்றியிருந்தார். குமிழி இன்னும் அதிகமானது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஒட்டுகிற வார்ப்பைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் வேகம்தான் நினைவுக்கு வருகிறது, உடனே வினையூக்கியைத் தேடுகிறார்கள். வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் வரவு செலவைப் பார்க்க வேண்டும். ஊற்றிய ஐசோசயனேட் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் முதல் கேள்வி.

வினை என்ன

ஐசோசயனேட் தொகுதியில் நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் ஒரே வரிசையில் இரட்டைப் பிணைப்புகளால் இணைந்திருக்கும். என்சிஓ என்று சுருக்கமாகச் சொல்வோம். இரு பக்கமும் எலெக்ட்ரானை இழுக்கும் அணுக்கள் இருப்பதால் நடுவில் மாட்டிக்கொண்ட கார்பனுக்கு எலெக்ட்ரான் பற்றாக்குறை. ஆல்கஹாலின் ஆக்சிஜன் தன்னிடமுள்ள தனி எலெக்ட்ரான் இணையோடு அந்தக் கார்பனைத் தாக்குகிறது. ஆல்கஹாலின் ஹைட்ரஜன் நைட்ரஜனுக்கு மாறுகிறது. உருவாவது யூரித்தேன் பிணைப்பு. இதில் எதுவும் வெளியேறுவதில்லை. இரண்டு மூலக்கூறுகள் அப்படியே ஒன்றாகின்றன. பாலியெஸ்டர் செய்யும்போது நீரை வெளியேற்றியாக வேண்டும், இங்கே அந்த வேலை இல்லை. அறை வெப்பத்திலேயே ஒரு கோப்பையில் இதைச் செய்து முடிக்கலாம் என்பதற்கு அதுவே காரணம்.

ஒரு மூலக்கூறில் இரண்டு என்சிஓ, இன்னொன்றில் இரண்டு ஆல்கஹால் தொகுதி இருந்தால் நீண்ட சங்கிலி கிடைக்கும். இரண்டுக்கும் மேல் இருந்தால் வலை. ஆமணக்கெண்ணெயில் ரிசினோலிக் அமிலம் 85 முதல் 90 சதவீதம். அதன் 12ஆம் கார்பனில் ஒரு ஆல்கஹால் தொகுதி உண்டு. மற்ற சமையல் எண்ணெய்களில் இப்படிக் கிடையாது. ஒரு எண்ணெய் மூலக்கூறுக்குச் சராசரியாக 2.7 ஆல்கஹால் தொகுதிகள் வருவதால், எதையும் மாற்றாமல் அப்படியே பாலியால் ஆக, அதாவது பல ஆல்கஹால் தொகுதிகள் கொண்ட பொருளாக, பயன்படுத்தலாம். விளக்கெண்ணெய் என்று நம் வீடுகளில் இருப்பதும் இதுதான்.

1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவர் குழுவும் இந்த வினையைப் பாலிமர் செய்யும் வழியாக மாற்றினார்கள். அவர்களின் ஆரம்ப கால வார்ப்புகளிலும் குமிழிகள் வந்தன. முதலில் அது குறையாகத்தான் தெரிந்தது. அப்புறம் வேண்டுமென்றே தண்ணீர் சேர்த்து ஃபோம் செய்யக் கற்றார்கள். இன்று மெத்தைக்குள் இருப்பது அதே குமிழிதான்.

ஆல்கஹால் தொகுதி என்பது ஓஹெச். தண்ணீரிலும் அந்த ஓஹெச் இருக்கிறது. என்சிஓவைப் பொறுத்தவரை தண்ணீரும் ஒரு வகை ஆல்கஹால் மாதிரி. முதல் படியில் கார்பமிக் அமிலம் உருவாகிறது. அது நிலைக்காமல் உடைந்து கார்பன் டை ஆக்சைடையும் அமீனையும் தருகிறது. அந்த அமீன் ஆல்கஹாலைவிடப் பல மடங்கு வேகமாக இன்னொரு என்சிஓவைப் பிடித்து யூரியா பிணைப்பாகிறது. ஆக, ஒரு தண்ணீர் மூலக்கூறு இரண்டு என்சிஓவைத் தின்று ஒரு வாயு மூலக்கூறை வெளியே விடுகிறது.

ஒட்டுவது ஏன்: முதல் சோதனை

ஒட்டும் வார்ப்புக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வினை இன்னும் முடியாமல் மெதுவாக நடந்துகொண்டிருக்கலாம். அல்லது என்சிஓ தீர்ந்துபோய், சேர ஆளில்லாத ஆல்கஹால் தொகுதிகள் மிச்சமாக நிற்கலாம். தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மருந்து முற்றிலும் வேறு. முதல் வகையைச் சூடான அறையில் ஒரு நாள் வைத்தால் சரியாகிவிடும். இரண்டாவது வகையை எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது.

இதைப் பிரித்துச் சொல்ல அகச்சிவப்பு நிறமாலை போதும். என்சிஓ தொகுதி 2270 அலைஎண்ணை ஒட்டி மிக வலுவாக உறிஞ்சும். அந்தப் பகுதியில் வேறு எந்தத் தொகுதியும் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு 2350இல் பக்கத்திலேயே தலைகாட்டும். பின்னணியைச் சரியாக எடுத்துவிட்டால் குழப்பம் வராது. காலாப்பட்டுப் பக்கம் உள்ள ஒரு ஆய்வகத்தில், ஒட்டிய பெட்டிகளிலிருந்து சுரண்டிய துண்டுகளைக் கருவியின் படிகத்தின் மேல் அழுத்திப் பார்க்கும் ஏடிஆர் முறையில் பார்த்தோம். 2270இல் ஒன்றுமே இல்லை. ஹார்ட்னர் முழுவதும் செலவாகியிருந்தது.

வேகக் கோட்பாடு அந்த இடத்திலேயே விழுந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நல்ல வார்ப்பில் 1700க்கும் 1730க்கும் இடையே யூரித்தேனின் கார்பனைல் உச்சம் தெளிவாக நிற்கும். பொங்கிய துண்டுகளில் 1640 பக்கம் கூடுதலாக ஒரு தோள் இருந்தது. யூரியா அங்கேதான் தெரியும். தண்ணீர் வந்து போனதற்கு வார்ப்புக்குள்ளேயே சாட்சி இருந்தது.

இந்தப் படியை விட்டுவிட்டு நேராக மருந்துக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருவி சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. நம் பகுதிக் கல்லூரிகள் பலவற்றில் இந்தக் கருவி இருக்கிறது. ஒரு துண்டைப் பார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

எடைக் கணக்கு

பட்டறையின் கலவையை 100 கிராம் எண்ணெய்க்கு எழுதிப் பார்ப்போம். எண்ணெயின் ஹைட்ராக்சில் எண், அதாவது அதிலுள்ள ஆல்கஹால் தொகுதிகளின் அளவைச் சொல்லும் எண், 163 என்று எடுத்துக்கொள்ளலாம். 56100ஐ இந்த எண்ணால் வகுத்தால் சமான எடை, அதாவது ஒரு மோல் ஆல்கஹால் தொகுதி அடங்கிய எண்ணெயின் கிராம் எடை, 344 வரும். அதாவது 100 கிராம் எண்ணெயில் 0.29 சமானம் ஆல்கஹால். ஹார்ட்னரில் என்சிஓ 31 சதவீதம் என்றால், 4200ஐ 31ஆல் வகுக்க, சமான எடை 135.5. ஆல்கஹாலைவிட 5 சதவீதம் கூடுதலாக, அதாவது இன்டெக்ஸ் 105இல் கலக்க வேண்டுமென்றால் ஹார்ட்னர் 41.3 கிராம் தேவை. பொடி 80 கிராம்.

ஒரு மூலக்கூறு இரண்டு என்சிஓவைத் தின்பதால் தண்ணீரின் சமான எடை வெறும் 9. இந்த எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னேன். 135.5ஐ 9ஆல் வகுத்தால் 15. ஒரு கிராம் தண்ணீர் 15 கிராம் ஹார்ட்னரை விழுங்கும் என்று அர்த்தம்.

எண்ணெயில் 0.2 சதவீதம், பொடியில் 0.4 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் அரை கிராம் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. அது ஏழரை கிராம் ஹார்ட்னரை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் என்சிஓவை ஆல்கஹாலோடு ஒப்பிட்டால் 105 இருந்த இடத்தில் 86தான் இருக்கிறது. ஏழில் ஒரு ஆல்கஹால் தொகுதிக்குத் துணை கிடைக்காது. 2.7 கைகள் உள்ள எண்ணெய் மூலக்கூறில் கைகள் இப்படி வெறுமனே தொங்கினால் வலை தளர்ந்துவிடும், மேற்பரப்பு பிசுபிசுக்கும். யூரியா பிணைப்பு வலுவானதுதான். ஆனால் அது ஐசோசயனேட்டை ஐசோசயனேட்டோடு கட்டுகிறது. எண்ணெய்க்கு அதனால் பயனில்லை.

வாயுக் கணக்கு இதைவிடக் கடுமை. அரை கிராம் தண்ணீரிலிருந்து 30 டிகிரி வெப்பத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடின் கன அளவு ஏறத்தாழ 690 மில்லிலிட்டர். கலவையின் மொத்தக் கன அளவோ 170 மில்லிலிட்டரை ஒட்டித்தான். நான்கு மடங்கு வாயு! அதில் ஒரு பகுதி மேலே வந்து வெளியேறும், கொஞ்சம் திரவத்திலேயே கரைந்திருக்கும். மீதி போதும், பெட்டி பொங்கி வழிய. பொங்குவதும் ஒட்டுவதும் இரண்டு நோய் என்று பட்டறையில் நினைத்திருந்தார்கள். ஒரே தண்ணீரின் இரண்டு விளைவுகள் அவை.

கணக்கை எழுதிக் காட்டியதும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அப்போ ஹார்ட்னரைக் கொஞ்சம் சேர்த்து ஊத்திட்டா சரியாயிடுமா சார்?" ஒட்டுவது நிற்கும். வாயு நிற்காது, தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு வாயு வந்தே தீரும். தவிர, ஈரம் நாளுக்கு நாள் மாறும். ஈரம் குறைந்த நாளில் அதே கூடுதல் ஹார்ட்னர் வினையாகாமல் தங்கி, பிறகு காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி, வார்ப்பை மாதக்கணக்கில் கடினமாக்கிக்கொண்டே போகும். சூட்டில் விரிந்து சுருங்கும் மின்பலகையைச் சுற்றி அப்படி இறுகுவது நல்லதில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

எண்ணெய் விற்றவர் கொடுத்த சான்றிதழில் ஹைட்ராக்சில் எண் சரியாகத்தான் இருந்தது. நாங்களும் திரும்பச் சோதித்தோம், மாற்றமில்லை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஹைட்ராக்சில் எண்ணை அசெட்டிக் அன்ஹைட்ரைடு முறையில் கண்டுபிடிக்கிறோம். ஆல்கஹால் தொகுதி அன்ஹைட்ரைடில் பாதியை எஸ்டராக எடுத்துக்கொள்ளும், மறு பாதி அமிலமாகும். அமிலம் எவ்வளவு குறைந்தது என்று காரத்தால் அளக்கிறோம். எண்ணெயில் இருக்கும் தண்ணீரோ அன்ஹைட்ரைடை முழுக்க அமிலமாகவே மாற்றுகிறது. கடைசியில், மாதிரி எதுவும் சேர்க்காமல் செய்யும் வெற்றுச் சோதனையிலும் மீதி அன்ஹைட்ரைடு தண்ணீரால்தான் உடைக்கப்படுகிறது என்பதால், மாதிரியிலிருந்த ஈரம் கணக்கில் எந்தத் தடயமும் விடாது. ஐசோசயனேட் அந்தத் தண்ணீரைக் கண்டுகொள்ளும், சான்றிதழ் கண்டுகொள்ளாது. ஈரத்தைத் தனியாக, தண்ணீரை மட்டும் அளக்கும் கார்ல் ஃபிஷர் முறையில் பார்க்க வேண்டும்.

எண்ணெய்தான் குற்றவாளி என்று பட்டறைக்காரர் இப்போது முடிவு கட்டியிருந்தார். கலவை போடும் அக்கா ஒருவர் வேறு ஒன்று சொன்னார். "மழ பேஞ்ச மறுநாள் பவுடர் மூட்ட கனமா இருக்கும் சார். அள்ளும்போது கட்டி கட்டியா வரும்." மூட்டைகள் சிமென்ட் தரையில், கதவோரமாக, வாய் திறந்தபடி இருந்தன. நிறமாலையும் டைட்ரேஷனும் காட்டாத ஒரு தகவலை அவர் தினமும் கையால் அள்ளிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட ஆய்வுகளில் கலக்குபவரிடம் பேசாமல் வருவது பாதி வேலைதான்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே பிற்பகலில் நான்கு கோப்பைகள் ஊற்றினோம். உலர்த்திய எண்ணெயும் உலர்த்திய பொடியும் ஒன்றில். பட்டறை எண்ணெயும் உலர்த்திய பொடியும் இரண்டாவதில். உலர்த்திய எண்ணெயும் மூட்டைப் பொடியும் மூன்றாவதில். இரண்டும் உலர்த்தாமல் நான்காவதில். வினையூக்கி எதிலும் இல்லை. முதல் கோப்பை குமிழியில்லாமல் இறுகியது. இரண்டாவதில் சிறு குமிழிகள். மூன்றாவதில் அதைவிட அதிகம். நான்காவது விளிம்பைத் தாண்டிப் பொங்கி, மறுநாளும் ஒட்டியது. எண்ணெயும் குற்றவாளிதான், ஆனால் பெரும்பங்கு பொடியுடையது. எண்ணெயை மட்டும் உலர்த்தியிருந்தால் குறை பாதி தீர்ந்து, மீதிக்கு வேறு எதையோ காரணம் காட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

யார் முந்துகிறார்கள்

இனிதான் வேகம். பட்டறைக்கு இது நேரடியாகத் தேவையில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் தவறான வினையூக்கி ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அதனால் மாணவர்களுக்கு இதையே ஆய்வுத் திட்டமாகக் கொடுத்தேன்.

எம்டிஐயை உலர்ந்த டொலுவீனில் கரைத்து, சமானத்துக்குச் சமானமாக ஒரு ஆல்கஹாலைச் சேர்த்து, 40 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்தோம். குறித்த நேரங்களில் பிப்பெட்டில் கொஞ்சம் எடுத்து, அளவு தெரிந்த மிகையான டைபியூட்டைல்அமீன் கரைசலில் விட்டோம். அமீன் மிச்சமிருக்கும் எல்லா என்சிஓவையும் உடனே பிடித்துக்கொள்ளும், ஆல்கஹால் வினை அந்த நொடியிலேயே நின்றுபோகும். கால் மணி நேரம் கழித்து ஐசோபுரொப்பனால் ஊற்றி, புரோமோஃபீனால் நீலம் சில சொட்டுகள் விட்டு, மீதி அமீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளந்தோம். நீலம் மஞ்சளாகும் இடம் முடிவு. வெற்றுச் சோதனைக்குச் செலவான மில்லிலிட்டரிலிருந்து மாதிரிக்குச் செலவானதைக் கழித்து, அமிலத்தின் நார்மாலிட்டியாலும் 4.2ஆலும் பெருக்கி, மாதிரியின் கிராம் எடையால் வகுத்தால் என்சிஓ சதவீதம் கிடைக்கும். ஹார்ட்னர் டிரம்மைச் சோதிப்பதும் இதே முறையில்தான். பியூரெட்டும் கூம்புக் குடுவையும் இருந்தால் எந்தப் பட்டறையிலும் செய்யலாம்.

சமானம் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும்போது, என்சிஓ செறிவின் தலைகீழை நேரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தால் இரண்டாம் படி வினைக்கு நேர்கோடு வர வேண்டும். ஆரம்பத்தில் நேராகவே வந்தது. போகப்போகக் கோடு மேல்நோக்கி வளைந்தது. உருவாகும் யூரித்தேன் தானே மெல்லிய வினையூக்கியாக வேலை செய்வதுண்டு. ஆல்கஹால் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்து நிற்பதும் கணக்கைச் சிக்கலாக்கும். பாடப் புத்தகத்தின் நேர்கோடு ஒரு தோராயம் என்பதை மாணவர்கள் தங்கள் கையால் கண்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆல்கஹாலின் வகைதான், அதாவது ஓஹெச் ஒட்டிய கார்பனோடு வேறு எத்தனை கார்பன்கள் இணைந்திருக்கின்றன என்பதுதான், இங்கே எல்லாம். பியூட்டன்-1-ஆல் போன்ற முதனிலை ஆல்கஹாலின் வேகத்தை 1 என்று வைத்தால், பியூட்டன்-2-ஆல் போன்ற இரண்டாம் நிலை ஆல்கஹால் 0.3 சுமார், மூன்றாம் நிலை ஆல்கஹால் அதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கே இறங்கிவிடும். தாக்கும் ஆக்சிஜனைச் சுற்றி நெரிசல் கூடக்கூட வேகம் குறைகிறது. எங்கள் வளைகோடுகளும் இதே வரிசையில் விழுந்தன. தண்ணீரின் வேகம் முதனிலை ஆல்கஹாலை ஒட்டியது.

ஆமணக்கெண்ணெயின் ஆல்கஹால் தொகுதி இரண்டாம் நிலை. அதோடு நீண்ட கொழுப்புச் சங்கிலியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எனவே எண்ணெய் மெதுவாக வரும். தண்ணீர் பந்திக்கு முந்திக்கொள்ளும். எத்திலீன் ஆக்சைடு முனை கொண்ட பாலியால்களில் முதனிலை ஆல்கஹால் இருப்பதால் அவை தண்ணீரோடு சமமாகவாவது போட்டியிடும். விளக்கெண்ணெய்க்கு அந்த வசதியில்லை. இதனால்தான் ஈரம் பற்றிய கவனம் ஆமணக்கு ரெசினில் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது.

வினையூக்கிக்கு வருவோம். டைபியூட்டைல் டின் டைலாரேட் போன்ற வெள்ளீயச் சேர்மங்கள் ஆல்கஹால் வினையை அதிகமாகத் தூண்டும். மூன்றாம் நிலை அமீன்களில் பல தண்ணீர் வினையையும் நன்றாகத் தூண்டும். ஃபோம் தொழிலுக்கென்றே விற்கப்படும் சில அமீன்கள் அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. வாயு வேகமாக வர வேண்டும் என்பது மெத்தைக்காரரின் தேவை. பாட்டிங் பட்டறைக்கு அது நேர் எதிர். போதாததற்கு, கலவை சீக்கிரம் கெட்டியாவதால் குமிழி மேலே ஏறி வெளியேற நேரமும் கிடைக்கவில்லை. கடைக்காரர் கொடுத்தது தரமான சரக்கு. வேறு வேலைக்கான சரக்கு, அவ்வளவுதான்.

வெப்பம் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு மோல் யூரித்தேன் பிணைப்புக்கும் 100 கிலோஜூல் அளவில் வெப்பம் வெளிவருகிறது. சின்னப் பெட்டியில் அது சிதறிவிடும். ஒரே வாளியில் கிலோக்கணக்கில் கலந்து வைத்தால் நடுப்பகுதி சூடேறி, சூடு வேகத்தைக் கூட்டி, வேகம் மேலும் சூட்டைக் கூட்டும். பட்டறை மே மாதத்தில் வாளியிலேயே கலவையை இறுகவிட்டதாகச் சொன்னது இதனால்தான்.

என்ன மாற்றினார்கள்

செலவு குறைவான வழிகளே எடுபட்டன. எண்ணெயை மூடிய எஃகுப் பாத்திரத்தில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கிளறிக்கொண்டே வெற்றிடத்தில் வைக்கிறார்கள். அதற்கு ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வேக்யூம் பம்ப் போதுமானதாக இருந்தது. நுரைத்து எழுவது அடங்கும்வரை இழுத்து, ஆறியதும் உடனே மூடிவிடுகிறார்கள். பொடியைத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி 110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, சூடு முழுக்க ஆறுவதற்குள் மூடி போட்ட டிரம்முக்கு மாற்றுகிறார்கள். மூட்டைகள் இப்போது மரப்பலகை மேல் இருக்கின்றன. உலர்த்தியும் தப்பும் கொஞ்ச ஈரத்துக்காக, 3ஏ வகை மூலக்கூறு சல்லடைப் பொடியை ஆமணக்கெண்ணெயிலேயே குழைத்த பசையாகச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதன் துளைக்குள் தண்ணீர் நுழையும், எண்ணெய் நுழையாது.

அமீனை நிறுத்தியாயிற்று. அவசர வேலைக்கு மட்டும் வெள்ளீய வினையூக்கி, நூற்றுக்கு 0.02 அளவில். இனப்பெருக்க நலத்தைப் பாதிக்கும் பொருள்களின் வரிசையில் அது இருப்பதால், அளப்பவர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்பது விதி. பிஸ்மத் சேர்மங்களுக்கு மாறலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அவை ஈரத்தில் செயலிழக்கக்கூடியவை என்பதால் உலர்த்தும் பழக்கம் நிலைபெற்ற பிறகே அது பொருந்தும்.

ஹார்ட்னர் டிரம் திறக்கும் ஒவ்வொரு முறையும் லேபிளில் உள்ள எண்ணை நம்பாமல் என்சிஓ சதவீதத்தை டைட்ரேட் செய்து, அதிலிருந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். பழைய டிரம் ஒன்றின் வாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. காற்றின் ஈரம் பட்டு உருவான யூரியாதான் அது. அந்த டிரம்மின் மதிப்பு லேபிளைவிடக் குறைந்திருந்தது.

மழை நின்றுவிடவில்லை, ஆனால் பொங்குவது நின்றது. முன்பு ஒட்டிய பெட்டிகளை அடுப்பில் வைத்துத் தேற்றலாமா என்று கேட்டார். 2270இல் உச்சம் இல்லாத துண்டுக்கு அடுப்பு உதவாது; மேலே ஹார்ட்னர் தடவினாலும் தோலோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. அவற்றை மனம் வருந்தித்தான் ஒதுக்கினார்கள்.

சொல்லாமல் விடக் கூடாதது

அங்கே சிலர் வெறுங்கையால் ஹார்ட்னரைத் தொட்டு, பெயின்ட் தின்னரால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இது என்னைக் குமிழியைவிட அதிகம் கவலைப்படுத்தியது. ஐசோசயனேட் உடலின் புரதங்களோடும் வினைபுரியும். திரும்பத் திரும்பப் பட்டால் உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும்; அதற்கப்புறம் மிகச் சிறிய அளவே மூச்சிரைப்பைக் கிளப்பும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் இரவில் இருமல் வந்தால் பட்டறையை யாரும் சந்தேகிப்பதில்லை. எம்டிஐக்கு எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் காற்று வரம்பு 0.005 பிபிஎம், அதாவது நூறு கோடியில் 5 பங்கு. மூக்கு எச்சரிக்கும் அளவு அல்ல அது. பாலிமெரிக் எம்டிஐ அறை வெப்பத்தில் அதிகம் ஆவியாகாது என்பது உண்மை. சூடாக்கினாலோ தெளித்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். எண்ணெயைச் சூடாக்கலாம்; ஹார்ட்னரை அடுப்பருகே கொண்டு போகக் கூடாது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, வெளியே இழுக்கும் மின்விசிறி இவை மூன்றும் இப்போது கலக்கும் மேசையில் கட்டாயம். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள ஒருவரை வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

1984 டிசம்பர் 2 இரவு போபாலில் மெதில் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது தொடங்கியதும் இந்தக் குடும்பத்து வினைதான். மெதில் ஐசோசயனேட் 39 டிகிரியிலேயே கொதிக்கும். வினையின் வெப்பம் தொட்டியைக் கட்டுமீறிய நிலைக்குத் தள்ளியது. பாலிமெரிக் எம்டிஐயை அதோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவது சரியல்ல, ஆவியாகும் தன்மையில் இரண்டும் வெகு தூரம். ஆனால் தண்ணீர், வாயு, வெப்பம் என்ற தொடர் இரண்டுக்கும் பொதுவானது. ஹார்ட்னரை எடை போடுகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அன்று கலவை மேசையைச் சுற்றி நின்றவர்களிடம் இதைத்தான் நீண்ட நேரம் பேசினேன்.

பட்டறையில் காலி டிரம்களை மழைத் தண்ணீரில் அலசி, மூடி இறுக்கி அடுக்கும் வழக்கமும் இருந்தது. உள்ளே ஒட்டியிருக்கும் ஹார்ட்னர் அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய டிரம் உப்பி வெடிக்கக்கூடும். இப்போது துணி சோப்புத்தூளும் 5 சதவீதம் சலவைச் சோடாவும் கரைத்த தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்காமல், கூரைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் விடுகிறார்கள். சிந்திய ஹார்ட்னரை மரத்தூளில் ஒற்றியெடுத்துப் போடும் வாளிக்கும் அதே கரைசல்தான், அதே திறந்த மூடிதான்.